அடுத்த வீட்டுப் பூதமும் அடுத்த ஊர்க் கூலியாளும்

(சித்தூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க நாவல் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962இல் சினிமாவாக வந்தது, வக்கீலாக நடித்த கிரிகரி பெக் ஆஸ்கர் வாங்கினார். தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. படித்தவர்கள் பலர் இங்கே இருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்றொரு சின்ன ஊர். 1930களின் பொருளாதார மந்தகாலம். ஸ்கவுட் என்ற சிறுமி கதையைச் சொல்கிறாள். தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை. ஜெம் அவளுடைய அண்ணன். அம்மா இல்லை. அப்பா ஆட்டிகஸ் ஃபின்ச் வக்கீல். வீட்டைப் பார்த்துக்கொள்வது கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண். கோடை விடுமுறைக்கு டில் என்று ஒரு பையன் பக்கத்து வீட்டுக்கு வருவான். இந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே வேலை, மூன்று வீடு தள்ளி இருக்கிற ராட்லி வீட்டைப் பார்த்துப் பயப்படுவது. அந்த வீட்டில் பூ ராட்லி என்று ஒருவன் இருக்கிறான். பல வருஷமாக வெளியே வந்ததில்லை. அணிலைப் பச்சையாகத் தின்பான், ராத்திரியில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான், ஒரு காலத்தில் அப்பாவின் காலைக் கத்தரிக்கோலால் குத்தினான் என்று ஊரே சொல்கிறது. அந்த வீட்டு மரத்திலிருந்து பள்ளிக்கூடத்து மைதானத்தில் விழுகிற கொட்டைகளைக்கூட எந்தப் பிள்ளையும் தொடாது. விஷமாம்.

அப்புறம் அந்த வீட்டோரத்து மரப்பொந்தில் பிள்ளைகளுக்குப் பரிசுகள் வந்து சேர்கின்றன. சூயிங்கம், பழைய நாணயங்கள், சோப்பில் செதுக்கிய ஆண் பொம்மை, பெண் பொம்மை, ஓடாத கடிகாரம். வேலியில் சிக்கி ஜெம் விட்டுவிட்டு ஓடிய கால்சட்டை, கிழிசல் தைக்கப்பட்டு வேலிமேல் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது. எதிர்வீடு தீப்பிடித்த குளிர்ராத்திரியில் ஸ்கவுட்டின் தோளில் யாரோ போர்வையைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிய நாளாகிறது.

இது நாவலின் ஒரு பாதி. இன்னொரு பாதி கோர்ட்டில் நடக்கிறது. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைப் பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்று வழக்கு. அந்தக் காலத்து அலபாமாவில் அதற்கு மரண தண்டனை. கோர்ட்டார் ஆட்டிகஸை டாமுக்கு வக்கீலாக நியமிக்கிறார்கள். அவர் குறுக்கு விசாரணையில் மூன்று விஷயங்களை வெளியே கொண்டுவருகிறார். சம்பவம் நடந்த அன்று டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. பெண்ணின் முகத்தில் காயம் வலது பக்கம் இருந்தது, அதாவது எதிரே நின்று அடித்தவன் இடது கைப் பழக்கமுள்ளவன். பெண்ணின் அப்பன் பாப் யூவெல் இடது கையால் எழுதுகிறவன். டாமுக்கோ சிறு வயதில் பஞ்சு அரைக்கும் மெஷினில் சிக்கி இடது கை செத்துப்போயிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஜூரி பல மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வந்து "குற்றவாளி" என்கிறது. அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாம் சிறையில் சுட்டுக் கொல்லப்படுகிறான். தப்பி ஓடப் பார்த்தானாம். உடம்பில் பதினேழு குண்டு.

கடைசியில் பாப் யூவெல் பழிவாங்க வந்து பிள்ளைகளைத் தாக்குகிறான். காப்பாற்றுகிறவன் பூ. அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவன் வாசலில் நின்று தன் தெருவை அவன் பக்கத்திலிருந்து முதல் முறையாகப் பார்க்கிறாள் ஸ்கவுட். நாவல் கிட்டத்தட்ட அங்கே முடிகிறது.

படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பூ ராட்லியைத்தான் சொல்வார்கள். போர்வை, பொம்மை, வாசல். கண் கலங்கும். அதில் தப்பில்லை, எனக்கும் கலங்கியதுதான். ஆனால் நான் சந்தேகப்படுவது என்னவென்றால், பூவுக்காக நாம் விடுகிற கண்ணீர் டாமை மறப்பதற்கு வசதி செய்துகொடுக்கிறது. பூ நம் தெருக்காரன், நம் நிறத்துக்காரன், நம் சாதிக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பற்றிய பயம் வதந்தியால் வந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் போய்விடும். இப்படி ஒரு ஆள் சித்தூரிலும் உண்டு, காளஹஸ்தியிலும் உண்டு. சின்ன வயதில் நாம் கல்லெறிந்த, பெரியவர்களான பிறகு நினைத்து வெட்கப்படுகிற ஆள். டாம் விஷயம் அப்படியல்ல. அவனை மேகோம்ப் தவறாகப் புரிந்துகொள்ளவே இல்லை. அந்த ஜூரிக்கு எல்லாம் நன்றாகப் புரிந்தது. அவன் கை வழங்காது என்று கண்ணால் பார்த்தார்கள். யூவெல் பொய் சொல்கிறான் என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். தெரிந்தும் தண்டித்தார்கள்.

விசாரணையில் ஓரிடம் வருகிறது. அந்தப் பெண்ணுக்குச் சும்மா ஏன் வேலை செய்துகொடுத்தாய் என்று அரசு வக்கீல் மடக்குகிறார். பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறான். கோர்ட் அதிர்ந்துபோகிறது. அந்த இடத்தில்தான் அவன் கதை முடிந்தது என்று நான் படிப்பேன். கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதாவது! நம் ஊரில் பண்ணையார் வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பண்ணையாள் "பாவம்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கவுட்டின் டீச்சர் ஒருத்தி வருகிறாள், மிஸ் கேட்ஸ். ஹிட்லர் யூதர்களைப் படுத்துகிற பாட்டை வகுப்பில் உருக்கமாகச் சொல்கிறாள். நம் நாட்டில் அதெல்லாம் கிடையாது என்கிறாள். அதே டீச்சர் டாம் வழக்கு முடிந்த அன்று கோர்ட் படியில் இறங்கும்போது, இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய நேரம்தான் என்று பேசியதைச் சிறுமி கேட்டிருக்கிறாள். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று தெரியாமல் அண்ணனிடம் கேட்கிறாள். அவன் எரிந்து விழுகிறான், அவனுக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளை வளர்கிற கதை என்று இந்த நாவலைச் சொல்கிறோமே, அந்த வளர்ச்சி எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. பூதம் பூதமல்ல என்று தெரிந்துகொள்வது லேசான பாடம். நம்மிடம் அன்பாக இருக்கிற டீச்சர், நமக்குக் கேக் கொடுக்கிற பக்கத்து வீட்டம்மா, இவர்கள்தான் அந்த ஜூரி என்று தெரிந்துகொள்வது கஷ்டமான பாடம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாதி தூரம் வந்துவிட்டேன், ஐயா.

இந்தச் சித்தூரில் வெளியூர்க்காரன் என்பவன் யார்? 1911 ஏப்ரல் வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். சந்திரகிரியும் போளூரும் ஒரே மாவட்டம். ஜவ்வாது மலையின் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஊர்க் கச்சேரிக்குத்தான் வந்திருப்பான். பிறகு சித்தூர் தனி மாவட்டமானது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் வடக்கு எல்லைக்குப் போராடினார்கள், எல்லையை வரையறுக்கப் படாஸ்கர் வந்தார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போனது, திருப்பதி இந்தப் பக்கம் நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமாகிவிட்டது. கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போன ஆள் ஒரே தலைமுறையில் அந்நியனாகிவிடுகிறான்.

அப்படி அந்நியனான ஒருவனைப் பற்றித்தான் பேச வந்தேன். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆகிய இடங்களிலிருந்து வருகிற மலையாளிப் பழங்குடி. பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், மலையை ஆள்கிறவர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற தமிழர்கள் அவர்கள். சாமையும் தினையும் விதைக்கிறவர்கள். மானாவாரி நிலம் வயிற்றுக்குப் போதாமல் கேரளத்துக்கும் கர்நாடகத்துத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள். கோடாலி பிடித்துப் பழகிய கை. அந்தக் கையைத் தேடித்தான் மேஸ்திரி வருகிறான், முன்பணம் தருகிறான், லாரியிலோ பஸ்ஸிலோ ஏற்றிச் செம்மரம் வெட்டச் சேஷாசலம் காட்டுக்கு அனுப்புகிறான்.

செம்மரம் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகப் பெரிதாக வளர்வதில்லை. சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்னூல் மலைகளும் அவற்றை ஒட்டிய கொஞ்சம் காடும்தான். 1995இலேயே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சீனாவில் அரண்மனைப் பாணி மேசை நாற்காலிக்கும், ஜப்பானில் இசைக்கருவிக்கும் இந்த மரம் வேண்டும். விலை அங்கே, மரம் இங்கே, வெட்டுகிற கை மலைமேல். நடுவில் இருக்கிறவர்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கொடூரமான கொலை. வேலை பார்க்கப் போன இடத்தில் செத்தவர்கள், அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. அதற்குப் பிறகு நடந்தது என்ன? தமிழ்நாட்டு மரம்வெட்டிகள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டார்கள். இரண்டு கொலைக்கு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கு. பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர்களை விடுதலை செய்தது. மேகோம்ப் கோர்ட்டைவிடத் திருப்பதி கோர்ட் நல்ல கோர்ட் என்று இதை வைத்து நான் சொல்லுவேன், சொல்ல வேண்டும். சாட்சியத்தைப் பார்த்தது, இல்லை என்றது. ஆனால் அந்த இரண்டு ஆண்டு விதைப்பும் அறுப்பும் திரும்பி வரவில்லை. அந்த அதிகாரிகளைக் கொன்றவர் யார் என்பதும் தெரியாமலே போனது. ஊரே கூடி ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்கினால் உண்மையான குற்றவாளிக்குத்தான் அது லாபம். பாப் யூவெலுக்கு நடந்த மாதிரி.

வழக்கு முடிவதற்கு முன்பே, 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், சந்திரகிரி அருகே சேஷாசலம் காட்டில் இருபது பேரைச் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டார். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. உடல்கள் கிடந்த விதம், அருகே போடப்பட்டிருந்த கட்டைகள், உடம்பிலிருந்த தீக்காயங்கள் பற்றியெல்லாம் உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. வரும் வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சாட்சி சொல்ல ஆள் வந்தது. பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர் குடும்பத்து ஆள் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம், அதனால் பிழைத்த ஒருவர். தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பங்களுக்கு இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. என்கவுன்ட்டர் சாவு ஒவ்வொன்றையும் எப்படித் தனியாக விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது 2014 செப்டம்பரில். ஏழு மாதம்கூட ஆகவில்லை. பிறகு 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் சேலம் மாவட்டத்து மலைக்காரர்கள்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நாவலில் டாம் நிரபராதி. இவர்கள் மரம் வெட்ட வந்தவர்கள்தானே?

நல்ல கேள்வி. இந்த நாவலோடு எனக்கு இருக்கிற சண்டையே அதுதான். ஹார்ப்பர் லீ டாமைக் கிட்டத்தட்டக் கறையே இல்லாமல் படைத்திருக்கிறார். மரியாதையானவன், மனைவி மக்களோடு வாழ்கிறவன், சர்ச்சுக்குப் போகிறவன், உதவி செய்கிறவன், கைகூட வழங்காதவன். மாக்கிங்பேர்ட் என்பது தோட்டத்தைப் பாழாக்காமல் பாடிக்கொண்டிருக்கிற பறவை, அதைச் சுடுவது பாவம் என்பது நாவலின் மையம். அப்படியானால் தோட்டத்தில் கொஞ்சம் கொத்தித் தின்கிற காக்கையைச் சுடலாமா? தீங்கே செய்யாதவனுக்கு மட்டும்தான் நியாயம் என்றால் அது நியாயமில்லை, பரிசு. நிரபராதிக்காக அழுவதற்கு நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, தப்பு என்று தெரிந்தே, கோடாலியோடு காட்டுக்குள் நுழைந்தவனுக்காகச் சட்டத்தைக் கேட்பதுதான் சிரமம். மரம் வெட்டினால் கைது உண்டு, வழக்கு உண்டு, சிறை உண்டு. துப்பாக்கிக் குண்டு எந்தப் பிரிவிலும் எழுதப்படவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 2021 டிசம்பரில் 'புஷ்பா' படம் வந்தது. நம் மாவட்டத்துப் பேச்சைத் தேசமெல்லாம் கேட்டது, நமக்குப் பெருமைதான். அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, அந்த விருதை வாங்கிய முதல் தெலுங்கு நடிகர். படத்தில் அப்பன் பெயர் மறுக்கப்பட்ட கூலிக்காரன், செம்மரக் கடத்தலில் படிப்படியாக ஏறி முதலாளியாகிறான். தியேட்டரில் விசில் பறந்தது. கடத்தல்காரனுக்கு விசில் அடித்த அதே வாய், காட்டில் செத்த கூலிக்காரனை "ஸ்மக்ளர், சாகட்டும்" என்றது. படத்தைக் குறை சொல்ல வரவில்லை, ரசித்துத்தான் பார்த்தேன். கூலியாக இருக்கும்வரை மரியாதை கிடையாது, முதலாளியானால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று அந்தப் படம் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. மேகோம்பைவிட நேர்மையான ஊர் அது.

ஒரு கூட்டத்தையே குற்றவாளியாகப் பார்ப்பது செம்மரத்தோடு தொடங்கவுமில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதே 1911தான், சித்தூர் மாவட்டம் பிறந்த ஆண்டு. அதில் சிக்கியவர்களில் ஒரு சாதியாரைத் தெலுங்கில் எருகல என்கிறார்கள், தமிழில் குறவர் என்கிறோம், வீட்டுக்குள் பேசுவது தமிழுக்கு நெருங்கிய மொழி. கூடை முடைந்து, உப்பும் தானியமும் கழுதைமேல் ஏற்றி ஊர் ஊராக விற்ற மக்கள். ரயில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது, பிழைப்புக்கு வழியில்லாமல் அலைந்தவர்களைப் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் எழுதிவைத்தது. ஸ்டூவர்ட்டுபுரம், காவலி குடியிருப்புகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். சுதந்திரம் வந்து ஐந்து ஆண்டு கழித்து, 1952 ஆகஸ்டு 31இல் அந்தச் சட்டம் போனது. காகிதத்திலிருந்து போனது. 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் அருகே புளியாண்டப்பட்டிக் குறவர் குடும்பங்களிலிருந்து பெண்கள் உட்படப் பலரைத் திருட்டு வழக்கில் சித்தூர்ப் போலீசார் கூட்டிப்போய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது, தமிழ்நாடே பேசியது. திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது 1911இல் தீர்மானமானது. இன்னும் அதே கதவுதான்.

இங்கே புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்ப்பர் லீயின் நாவலில் டாமின் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. கல்பூர்னியாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கறுப்பர்களின் சர்ச்சுக்குப் போகிறார்கள். டாமின் மனைவிக்காக அங்கே பத்து டாலர் சேரும்வரை கதவைச் சாத்திவைத்து வசூல் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் நாவலிலேயே உயிருள்ள அத்தியாயங்களில் அது ஒன்று. ஆனால் அரை நாள்தான், பிறகு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அந்தப் பக்கத்திலிருந்தே கதை சொன்னால் எப்படி இருக்கும்? பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படியுங்கள், 2000இல் வந்தது. அங்கே வளர்கிற பிள்ளையே பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற சக்கிலியப் பையன் கூளையன். பண்ணையக்காரர் மகன் அவனுக்குக் கூட்டாளிதான், ஆனால் எதுவரை என்று இருவருக்கும் தெரியும். காப்பாற்ற எந்த ஆட்டிகஸும் வருவதில்லை. மராத்தியில் லக்ஷ்மண் கெய்க்வாட்டின் 'உசல்யா' இருக்கிறது, திருடர் சாதி என்று முத்திரை குத்தப்பட்ட வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன பையனின் தன்வரலாறு. சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நம் திருப்பதிப் பக்கத்து நாமினி சித்தூர்த் தெலுங்கிலேயே சிறுவன் குரலில் எழுதிய கதைகளைப் பற்றித் தெலுங்கு நண்பர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, தமிழ் நண்பர்களுக்குத்தான் சொல்கிறேன். ஜவ்வாது மலைப் பிள்ளை ஒன்று, அப்பா செம்மரம் வெட்டப் போய்த் திரும்பாத வீட்டிலிருந்து, எழுத வேண்டிய நாவல் இன்னும் வரவில்லை. வரும்.

ஆட்டிகஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர் வக்கீல்கள் சிலர் அவரைப் படித்து வக்கீலானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் 1992இல் ஆட்டிகஸைக் கடுமையாக விமர்சித்தார். இந்த மனிதர் கோர்ட் நியமித்ததால் வாதாடினார், தானாக ஊரின் அநியாயத்தை எதிர்த்து ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லையே என்று கேட்டார். அடிக்க வராத குறையாகப் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். 2015 ஜூலையில் ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவல் வந்தபோது, அதில் முதிர்ந்த ஆட்டிகஸ் நிறவெறிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உலகமெங்கும் வாசகர்கள் மனமுடைந்துபோனார்கள். எனக்கு அவ்வளவு அதிர்ச்சியில்லை. மேகோம்பில் டாமுக்காக நேர்மையாக வாதாடவும் முடியும், அதே ஊரின் ஏற்பாடு குலையாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கவும் முடியும். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டீர்களா என்று அவர் கேட்ட கேள்விக்காக நான் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். மனசு மாறும்வரை காத்திருக்காமல் சாட்சியத்தைக் கேட்டாரே, அது பெரிது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடிப் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு 2011இல் தீர்ப்பு வந்தது. வழக்கில் சேர்க்கப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யாருடைய மனசும் மாறி அது நடக்கவில்லை. வாச்சாத்திப் பெண்கள் பத்தொன்பது ஆண்டு கோர்ட்டுக்கு நடந்தார்கள், சாட்சி சொன்னார்கள், நடந்தது. அவர்களும் மலையாளிப் பழங்குடிகள்தான்.

ஆகவே, நண்பர்களே, இந்த நாவலைப் படித்துவிட்டு நல்லவர்களாக மாறுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே நல்லவர்கள், மேகோம்பிலும் எல்லோரும் நல்லவர்கள்தான். நான் கேட்பது சின்ன வேலை. இந்த மாவட்டத்துக்காரருக்கு இரண்டு மொழி வரும். மலையிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்படுகிறவனுக்கு ஒன்றுதான் வரும். அவன் மீது போடுகிற எஃப்.ஐ.ஆர்., பஞ்சநாமா, வாக்குமூலம் எல்லாம் அவனுக்குத் தெரியாத தெலுங்கில் இருக்கிறது, அதன் கீழே அவன் கைநாட்டு இருக்கிறது. எதற்காகக் கைது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. சாட்சியம் அவனுக்குப் புரிகிற மொழியில் கோர்ட்டில் விளக்கப்பட வேண்டும் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. இலவச சட்ட உதவிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்படி அமைந்த ஆணையமும் இருக்கின்றன. இல்லாதது, பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள்.

சித்தூர், திருப்பதி, பாகாலா, புத்தூர் கோர்ட்டுகளில் செம்மர வழக்கு வராத மாதம் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருப்பதையும் பார்க்கிறேன். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மொழிபெயர்ப்பாளர் என்று எழுதிக்கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், இப்போதே எழுதலாம். நாவலை இரவல் கேட்கிறவர்களும் அதே மேசைக்கு வரலாம், மூன்று பிரதிகள் இருக்கின்றன.